குருவிப் பெட்டி மாட்டும்போது கவனிக்க

சிட்டுக்குருவிக்கு மரப்பெட்டி மாட்டப் போகிறீர்களா? பெட்டியின் அழகை விடுங்கள், முதலில் ஓட்டையை அளந்து பாருங்கள். 32 மில்லிமீட்டர் விட்டம் போதும். பெரிதாக இருந்தால் மைனா புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குருவியின் முட்டையும் தப்பாது. ஓட்டைக்குக் கீழே குச்சி செருகிய பெட்டி என்றால் அதைப் பிடுங்கிவிடுங்கள். குருவிக்கு அது தேவையில்லை. காக்கை வந்து உட்காரத்தான் உதவும்.

அடுத்தது வெயில். பலரும் கோட்டை விடுவது இதில்தான். ஏப்ரல், மே மாதங்களில் மேற்குச் சுவரில் தொங்கும் சின்னப் பெட்டி பிற்பகலில் அடுப்பு மாதிரி கொதிக்கும். இறகு முளைக்காத குஞ்சு அதைத் தாங்காது, பாவம். கிழக்கோ வடக்கோ பார்த்த சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, பத்தடி உயரத்தில் மாட்டுங்கள். மின்விசிறி ஓடும் அறை வேண்டவே வேண்டாம்.

அப்புறம், குஞ்சுகளுக்குத் தாய் தந்தை ஊட்டுவது பெரும்பாலும் புழு பூச்சிதான். அதனால் பக்கத்துச் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். முட்டையிட்டு, குஞ்சு பறந்து போக ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஆசையாகத்தான் இருக்கும், ஆனாலும் அதுவரை பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டாம்.