கேரவன்ல டிவி வராம மூணு நாள், கடைசில ஆன்டெனாவ நிமித்தி வச்சதும் சரியாச்சு

இங்கிலாந்துல லேக் டிஸ்ட்ரிக்ட், கெஸ்விக் பக்கம் கேரவன் போட்டிருந்தோம். டிவி போட்டா படம் கட்டம் கட்டமா உடையுது, சத்தம் விட்டு விட்டு வருது, நடுநடுவுல நோ சிக்னல்.

மொத நாள் கேபிள் மாத்தினேன், மறுநாள் சிக்னல கூட்டற 12 வோல்ட் பூஸ்டர ஆன் ஆஃப் பண்ணி பாத்தேன், ஒண்ணும் நடக்கல. அப்புறம் போன்ல காம்பஸ் வச்சு அந்த ஏரியாவோட பெரிய டிவி டவரான கால்ட்பெக் இருக்கற வடக்குப் பக்கம் திருப்பினேன், ஆனா நடுவுல ஸ்கிடா மலை 931 மீட்டருக்கு நிக்குது, டிவி சிக்னல் அத தாண்டி எங்க ஒழுங்கா வரும்.

மூணாவது நாள் பால் வாங்கப் போறப்பதான் வீட்டுக் கூரைங்கள கவனிச்சேன். ஆன்டெனால இருக்கற குட்டிக் குட்டி கம்பி எல்லாம் மேல கீழயா நிக்குது, என்னோடதுல படுத்திருக்கு! பெரிய டவருங்க பொதுவா சிக்னல படுக்கை வாட்டத்துல அனுப்பும், அத வாங்கி திரும்ப அனுப்பற உள்ளூர் ரிலே டவருங்க பெரும்பாலும் செங்குத்துல. ஆன்டெனா கம்பியும் அதே வாட்டத்துல இருக்கணும்.

வந்து ஆன்டெனாவ 90 டிகிரி திருப்பி, அந்தக் கூரை ஆன்டெனாங்க பாக்கற திசைக்கே வச்சு, டிவில சேனல திரும்பத் தேட விட்டு ரீட்யூன் பண்ணேன், படம் கண்ணாடி மாதிரி. பழைய சேனல் லிஸ்ட்ட மொதல்ல அழிச்சுருங்க, இல்லன்னா பழைய வீக் சிக்னலே அதே நம்பர்ல இருக்கும், புதுசு 800க்கு மேல போய் ஒளிஞ்சுக்கும். ரிலேல மூணு மல்டிபிளெக்ஸ்தான் (பல சேனல ஒண்ணா கட்டி அனுப்பற சிக்னல்), பிபிசி, ஐடிவி, சேனல் 4 எல்லாம் வரும், பாக்கி கொஞ்சம் சேனல் வரலன்னா அது கோளாறு இல்ல, தேடிட்டு இருக்காதீங்க.