ஆள் மஸ்கட்டில், கணக்கு மார்த்தாண்டத்தில்

"அண்ணே, கல்ஃப் சம்பளத்துக்கு இங்க வரி கெடையாதுல்லா? பிறகு நான் எதுக்கு வருமான வரி ரிட்டர்ன் போடணும்?" திருவனந்தபுரத்தில் இறங்கி வரும் பையன்கள் களியக்காவிளை தாண்டுவதற்குள் காரிலேயே இதைக் கேட்டுவிடுவார்கள். கேள்வியின் முதல் பாதி சரிதான். அங்கே வேலை பார்த்து, அங்கே உள்ள கணக்கில் வாங்கும் சம்பளத்துக்கு என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) இங்கே வரி கட்ட வேண்டாம். ஆனால் நம்மாட்கள் மாட்டுவது சம்பளத்தால் அல்ல, ஊரில் அப்படியே போட்டுவிட்டுப் போன சில்லறை விஷயங்களால். பழைய சேமிப்புக் கணக்கு, மாடி வீட்டு வாடகை, மனைவி பெயரில் போட்ட எஃப்.டி. இப்படி.

நான் பதினோரு வருஷம் மஸ்கட்டில் இருந்தவன். முதல் நாலு வருஷம் மார்த்தாண்டத்து சேமிப்புக் கணக்கை மாற்றவே இல்லை. போதாக்குறைக்கு, எஃப்.டி. வட்டியில் டி.டி.எஸ். (பணம் தருமுன்பே பிடிக்கும் வரி) பிடிக்கக் கூடாதென்று லீவுக்கு வரும்போதெல்லாம் 15ஜி படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அது இந்தியாவில் வசிப்பவருக்கு மட்டுமான படிவம். வெளிநாட்டில் இருக்கும் நான் "இங்கே வசிக்கிறேன்" என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன், வருஷாவருஷம்.

வேலைக்காக வெளிநாடு போய்விட்டால் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ.வாக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர் தன் இந்திய வருமானத்தைப் போட்டு வைக்கும் கணக்காக, மாற்ற வேண்டும். இது வரித்துறை விதியல்ல, ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம். பார்டரில் இருக்கும் நமக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. மார்த்தாண்டத்தில் ஒரு கணக்கு, பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ இன்னொன்று. ஒரு வங்கியில் சொல்லி மாற்றுவோம், மற்றதை மறந்தே போவோம். அது கேரளா, இது தமிழ்நாடு என்பதெல்லாம் வருமான வரிக்குக் கிடையாது. பான் எண் ஒன்றுதான். இரண்டு வட்டியும் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் அடுத்தடுத்த வரியில் வந்து நிற்கும்.

வெளிநாட்டிலிருந்து அனுப்பும் பணத்தை என்.ஆர்.இ. கணக்கில் போட்டால் வட்டிக்கு வரி இல்லை. என்.ஆர்.ஓ. வட்டிக்கு உண்டு, அதுவும் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் பிடிப்பார்கள், மொத்தம் 31.2. வேறு வருமானமே இல்லாமல் என்.ஆர்.ஓ. வட்டி மட்டும் 3 லட்சம் வந்தால் 93,600 ரூபாய் போய்விடும். ஆனால் 2025-26க்குப் புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. ரிட்டர்ன் போட்டால் அத்தனையும் திரும்பி வரும். போடாதவன் சொந்தக் காசை விட்டுக்கொடுக்கிறான்.

அடுத்தது அந்தப் பிரபலமான 12 லட்சம். "பன்னெண்டு லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னு டிவியில சொன்னாங்களே." சொன்னது உண்மை, ஆனால் அது வரித் தள்ளுபடி, இங்கே வசிப்பவருக்கு மட்டும். கழிவெல்லாம் போக இங்கே 9 லட்சம் வருமானம் உள்ள என்.ஆர்.ஐ. செஸ்ஸோடு 31,200 ரூபாய் கட்டியாக வேண்டும். அதே வருமானத்துக்கு ஊரில் இருக்கும் அவர் தம்பிக்கு வரி பூஜ்யம்.

யார் என்.ஆர்.ஐ. என்பதை விசா சொல்லாது, நாள் கணக்குதான் சொல்லும். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை எத்தனை நாள் இந்தியாவில் இருந்தீர்கள்? வேலைக்காகப் புறப்பட்டுப் போகும் வருஷத்தில் அது 182க்குக் குறைவாக இருந்தால் என்.ஆர்.ஐ. ஏப்ரல் முதல் ஊரிலேயே இருந்தவர் செப்டம்பர் 28 அன்று விமானம் ஏறினால் 181 நாள். மறுநாள் ஏறினால் 182, அவர் அந்த வருஷம் முழுக்க இங்கே வசிப்பவர்தான், கல்ஃப் சம்பளமும் கணக்கில் வரும். ஓணம் முடித்துப் போகலாம், தங்கச்சி கல்யாணம் முடித்துப் போகலாம் என்று டிக்கெட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் காலண்டரை ஒருதரம் பார்த்துக்கொள்ளட்டும். லீவுக்கு வருகிறவர்களுக்கும் வரம்பு 182தான். ஆனால் இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 120 நாளிலேயே விதி மாறும், அவர்கள் ஆடிட்டரைப் பார்ப்பது நல்லது. வந்த நாள், போன நாள் இரண்டையும் எண்ணிக்கொள்ளுங்கள், பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களைப் படம் பிடித்து வையுங்கள்.

படிவம் எதுவென்று கேட்டால், ஐ.டி.ஆர்-1 என்.ஆர்.ஐ.க்குக் கிடையாது, ஐ.டி.ஆர்-4ம் கிடையாது. தொழில் வருமானம் இல்லையென்றால் ஐ.டி.ஆர்-2. கெடு வழக்கமாக ஜூலை 31.

நிலம் விற்பதில்தான் பெரிய அடி. மேல்புறம் பக்கம் பத்து சென்ட் விற்கிறீர்கள் என்று வையுங்கள். ஆவணம் எழுதுகிறவர், வாங்குகிறவர் எல்லோருக்கும் பழகியது 50 லட்சத்துக்கு மேல் போனால் ஒரு சதவீத டி.டி.எஸ். என்பதுதான். விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் 50 லட்ச வரம்பே கிடையாது. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த நிலத்துக்கு 12.5 சதவீதமும் அதன்மேல் சர்சார்ஜ் (பெரிய தொகைக்கு மட்டும் வரும் கூடுதல் வரி), செஸ்ஸும் பிடிக்க வேண்டும். உண்மையான லாபம் குறைவு என்றால், விற்பதற்கு முன்பே வரித்துறையில் குறைந்த பிடித்தத்துக்குச் சான்று வாங்கிவிடலாம். பத்திரம் முடிந்த பிறகு இதை யோசித்தால் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வாடகைக்கும் இதே கதை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் குடியிருப்பவர் 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். நம்ம ஊரில் இதைச் செய்யும் வாடகைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர் பிடிக்காவிட்டாலும் வாடகையை உங்கள் ரிட்டர்னில் காட்டியே தீர வேண்டும்.

மனைவிக்கு அனுப்பும் பணத்துக்கு வரி இல்லை. ஆனால் அந்தப் பணத்தை அவர் பெயரில் எஃப்.டி. போட்டால் வட்டி உங்கள் வருமானத்தோடுதான் சேரும். அப்பா அம்மா பெயரில் போட்டால் அது அவர்கள் வருமானம். இதைச் சொன்னதும் என் மச்சான், "அப்போ மாமியார் பேர்ல போடட்டுமா?" என்றான். சட்டம் தடுக்கவில்லை, வீட்டில் மனைவி சம்மதிக்க வேண்டுமே.

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு ஓ.டி.பி.யில் கோட்டை விடுகிறவர்களும் உண்டு. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் சரிபார்க்காவிட்டால் சரிபார்க்கும் நாள்தான் போட்ட நாளாக எண்ணப்படும், அதற்குள் கெடு தாண்டியிருந்தால் தாமத ரிட்டர்ன்தான். ஆதாரில் இருக்கும் சிம் ரீசார்ஜ் இல்லாமல் செத்துக் கிடக்கும், இல்லையென்றால் அம்மாவின் போனில் இருக்கும், அம்மா சந்தையில் இருப்பாள். நெட் பேங்கிங் வழியாகவும் சரிபார்க்கலாம். கையெழுத்திட்ட ஒப்புகைத் தாளை பெங்களூருக்குத் தபாலில் அனுப்பவும் வழி உண்டு, ஆனால் அது அந்த 30 நாளுக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். அப்படியே வரித்துறைத் தளத்தில் உங்கள் நிலை "நான் ரெசிடென்ட்" என்று இருக்கிறதா பாருங்கள். ஆதார் இணைக்காத பான் செயலிழந்து கிடப்பதற்கு, பல பேர் விஷயத்தில், அந்த ஒரு கட்டத்தை மாற்றாததுதான் காரணம்.