பட்டாளத்துத் தாத்தாவைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கூனில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், சாமி மாடத்துத் திருநீற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் ஒன்று இருக்கிறது. "தாத்தா நேதாஜி படையில் வாங்கியது" என்று பேரன் பெருமையோடு எடுத்துக் காட்டுவார். அது பர்மா ஸ்டார். பிரிட்டிஷ் தரப்பில் பணியாற்றியவர்களுக்குக் கொடுத்தது. நேதாஜி படை நின்றதோ எதிர்ப்பக்கம்.

'பட்டாளம்' என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்கிவிடுவதால் வரும் குழப்பம் இது. எந்தப் பட்டாளம் என்று முதலில் கேளுங்கள். பிரிட்டிஷ் இந்திய ராணுவமா, 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தபின் அமைந்த பர்மா ராணுவமா, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமா? ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறியவர்களும் உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பல்லாயிரம் பேர் அப்படி மாறியவர்கள்தான்.

மதராஸ் சிப்பாய் என்றாலே தமிழர் என்று எழுதிவிடாதீர்கள். முதல் ஆங்கிலேய-பர்மியப் போரில், 1824 மே மாதம் ரங்கூனில் இறங்கிய மதராஸ் படையில் தெலுங்கரும் முஸ்லிம்களும் நிறைய இருந்தார்கள். அந்தப் போரில் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பர்மியரின் வாளும் அல்ல. மழைக்காலத்துக் காய்ச்சலும் சீதபேதியும்தான். ஊர்மக்கள் ரங்கூனைக் காலி செய்துவிட்டுப் போயிருந்ததால் நல்ல உணவுக்கும் வழியில்லை.

"1935இல் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார்" என்ற பேச்சும் பொருந்தாது. அந்தக் காலாட்படை 1920களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டு, இரண்டாம் உலகப்போர் வந்தபின்தான் உயிர்பெற்றது. இடையில் தொடர்ந்து இருந்தது பெங்களூரின் மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை. அதைத்தான் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

ரங்கூனுக்கு வடக்கே தவுக்யான் போர்க் கல்லறைக்குப் போகிறவர்கள் ரெஜிமென்ட் பெயரைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் அங்கே தூண்களில் படைவாரியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நடுவில் உள்ள வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி (பஞ்சாபி எழுத்து) ஆகியவற்றில் இருக்கிறது, தமிழில் இல்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, நம்மவர் யாரும் இங்கே இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். பெயர்கள் ஆங்கில எழுத்தில், எழுதியவர் காதில் விழுந்தபடி பதிவானவை. முனுசாமி, மூனிசாமி ஆகியிருப்பார். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே தூண் தூணாக நடந்து பாருங்கள்.