தொஸ்தாவோ காசில் 120 என்று குத்தியிருந்தால்

பழைய போர்த்துகீசிய வெள்ளிக் காசு தொஸ்தாவோவின் மதிப்பு 100 ரெயிஸ் (அந்நாட்டின் பழைய நாணய அலகு). ஆனால் சிலவற்றில் 120 என்று குட்டி முத்திரை இருக்கும். குழம்ப வேண்டாம். 1640இல் ஸ்பெயின் மன்னரின் பிடியிலிருந்து போர்ச்சுகல் விலகியபின், போர்ச் செலவில் திணறிய அதன் மன்னர் நான்காம் ஜோவானின் அரசு பழைய காசுகளிலேயே கூடுதல் மதிப்பைக் குத்திவிட்டது.

லென்ஸ் வைத்துப் பாருங்கள். குத்திய இடத்துக்கு நேர் பின்பக்கம் சற்று நசுங்கியிருந்தால் நல்ல அறிகுறி. பரப்பெல்லாம் பொடிப்பொடிக் குழிகள், விளிம்பில் இணைப்புக் கோடு என்றால் அச்சில் வார்த்த போலி என்று சந்தேகிக்கலாம்.

வட்டம் கோணலாக இருப்பது குறையே இல்லை, சுத்தியலால் அடித்த காசு அப்படித்தான். காசில் உள்ள சிலுவையைச் சுற்றிய ‘இன் ஹோக் சிக்னோ வின்செஸ்’ என்ற லத்தீன் வாசகம் பாதி காணோமா? அந்தக் காலத்திலேயே யாரோ ஓரத்து வெள்ளியைக் கத்தரித்திருக்கலாம். எடை போட்டால் தெரிந்துவிடும். அப்புறம், புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள்!