பழைய லாரி இன்ஜினில் டம்மி மாற்றுவது எப்படி?

ரேடியேட்டரில் தினமும் தண்ணீர் குறைகிறது. ஹோஸ்களில் ஈரமே இல்லை, வாட்டர் பம்பும் ஒழுகவில்லை. அப்படியானால் டார்ச் அடித்து இன்ஜின் பிளாக்கின் பக்கவாட்டைப் பாருங்கள். வட்டமான தகட்டு மூடிகள் வரிசையாகத் தெரியும். எதன் கீழே துரு நிறத்தில் கோடு இறங்கியிருக்கிறதோ, அதுதான் ஒழுகுகிறது.

பட்டறையில் இதற்கு டம்மி என்று பெயர். கடையில் கோர் பிளக் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். குளிர் நாடுகளில் ஃப்ரீஸ் பிளக் என்கிறார்கள். உறைந்த தண்ணீர் இதைத் தள்ளிவிட்டால் பிளாக் தப்பலாம் என்பதால் வந்த பெயர். உண்மையில் பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருந்த மணலை வெளியே எடுக்க விட்ட துளைகள்தான் இவை. நம் ஊரில் டம்மியை அரிப்பது பனி இல்லை, வெறும் போர்வெல் தண்ணீர். பழைய டாடா 697 இன்ஜினில் (6 சிலிண்டர், 97 மி.மீ. சிலிண்டர் விட்டம்) நான் கழற்றிய ஒரு டம்மி வெளியே பளபளவென்று இருந்தது. உள்பக்கம் ஸ்க்ரூடிரைவர் முனை பட்டதுமே தகடு அப்பளமாய் நொறுங்கியது. ஒன்று போனால் மற்றவையும் அதே வயசுதான். அதனால் கை எட்டுகிற எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

முதலில் இன்ஜின் நன்றாக ஆறட்டும். பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் உள்ள டிரெயின் காக் இரண்டையும் திறந்து தண்ணீரை வடியுங்கள். பிளாக் காக்கில் எதுவும் வரவில்லையென்றால் சேறு அடைத்திருக்கும், கம்பி விட்டுக் குத்துங்கள். மேனிஃபோல்டும் (காற்றும் புகையும் போகிற குழாய்த் தொகுதி) செல்ஃப் மோட்டாரும் மறைக்கிற டம்மிகளுக்கு அவற்றைக் கழற்றித்தான் ஆகவேண்டும். கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று இருந்தால், கிளட்ச் வேலைக்குக் கியர்பாக்ஸ் இறக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கழற்றுவது. அவசரம் கூடவே கூடாது. மொட்டை உளியை டம்மியின் ஒரு ஓரத்தில், விளிம்புக்குச் சற்று உள்ளே வைத்து அளவாகத் தட்டுங்கள். அந்த ஓரம் உள்ளே போக, எதிர் ஓரம் வெளியே திரும்பும். பிளேயரால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். நடுவில் ஓங்கி அடித்தால் முழுசாக உள்ளே விழுந்துவிடும். அதற்குப் பின்னாலேயே சிலிண்டர் சுவர் இருப்பதும் நினைவில் இருக்கட்டும். விழுந்ததை அப்படியே விட்டு மூடாதீர்கள், தண்ணீர் ஓட்டம் தடைபடும். காந்தம் விட்டு எடுங்கள்.

இப்போது துளைக்குள் விரலை விட்டுப் பாருங்கள். களிமண் மாதிரி பழுப்புச் சேறு வரும். இன்ஜின் சூடாவதற்கு அதுவும் ஒரு காரணம். வளைந்த கம்பியால் சுரண்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை ஹோஸ் அடியுங்கள். துளையின் உள் விளிம்பை எமரி பேப்பரால் தேய்த்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்துக் காயவிடுங்கள். ஆழமான கீறல் இருந்தால் புது டம்மியும் ஒழுகும்.

துளையை வெர்னியரால் அளந்து, இன்ஜின் மாடலையும் சொல்லிப் புது டம்மி வாங்குங்கள். துளையைவிட இம்மியளவு பெரிதாக இருந்தால்தான் இறுகும். கிடைத்தால் பித்தளை வாங்குங்கள். விலை கூடுதல், ஆனால் துருப்பிடிக்காது.

விளிம்பைச் சுற்றி சீலன்ட்டை மெல்லிசாகத் தடவுங்கள். கிண்ண வடிவ டம்மி என்றால் திறந்த வாய் வெளியே பார்க்க வேண்டும். கிண்ணத்துக்குள் லேசாக ஆடுகிற அளவில் ஒரு ஸ்பேனர் சாக்கெட்டை வைத்து நேராக அடியுங்கள். கோணினால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள், அடித்து நேராக்கப் பார்க்காதீர்கள். டம்மியின் விளிம்பு துளையின் சரிவைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் போதும்.

சீலன்ட் டப்பாவில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட்டு, காக்குகளை மூடி, கழற்றியதையெல்லாம் மாட்டுங்கள். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். மறுபடி போர் தண்ணீர் ஊற்றினால் பட்ட பாடெல்லாம் வீண். கூலன்ட் விஷம், இனிப்பாகவும் இருக்கும். சிந்தியதை நாயோ குழந்தையோ தொடுமுன் கழுவிவிடுங்கள். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, சூடேறியதும் ஒவ்வொரு டம்மியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மறுநாள் காலை இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து அளவு பார்த்து, குறைந்திருந்தால் அதே கலவையை ஊற்றுங்கள். காற்று வெளியேறியதால் முதல் நாள் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதற்கு மேலும் தினம் குறைந்தால், திரும்ப டார்ச்சை எடுங்கள்.