பிளாஸ்டிட்டை மூன்று பெட்டிக்குள் அடைக்காதீர்கள்

தாவர செல்லுக்குள் இருக்கும் சிறு உறுப்புகளான பிளாஸ்டிட்டுகள் மூன்று வகை என்று படிக்கிறோம்: பச்சைக்கு குளோரோபிளாஸ்ட், மற்ற நிறங்களுக்குக் குரோமோபிளாஸ்ட், நிறமே இல்லாவிட்டால் லூக்கோபிளாஸ்ட். இப்படி மனப்பாடம் செய்துவிட்டுப் பாடம் முடிந்தது என்று நினைப்பதுதான் முதல் தவறு, மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளம்புகின்றன.

இவை தனித்தனிப் பிறவிகள் இல்லை. இளம் செல்லில் இருக்கும் புரோபிளாஸ்டிட் என்ற முதிராத பிளாஸ்டிட்டிலிருந்துதான் எல்லாமே வருகின்றன, அப்புறமும் ஒன்று இன்னொன்றாக மாறும். சிங்கப்பூர் தேக்கா சந்தையில் பச்சையும் சிவப்புமாகக் கலந்து கிடக்கும் சில்லி பாடி என்ற சிறு மிளகாயைப் பாருங்கள். காய் பழுக்கும்போது பச்சை நிறமியான குளோரோபில் சிதைந்து கரோட்டினாய்டு நிறமிகள் சேர, இருந்த குளோரோபிளாஸ்ட்டே குரோமோபிளாஸ்ட் ஆகிவிடுகிறது. வெளிச்சத்தில் கிடந்த உருளைக்கிழங்கில் மாவைச் சேமிக்கும் அமைலோபிளாஸ்ட்டுகள் பச்சையாகின்றன (அந்தப் பச்சையால் கெடுதல் இல்லை, ஆனால் கூடவே சொலனின் என்ற நச்சும் ஏறும், அதனால் அந்தப் பகுதியைத் தாராளமாக வெட்டி எறியுங்கள்). இருட்டில் வளரும் தவ்கே (முளைப்பயறு) பச்சையாக இல்லாததற்கும் இதே கதைதான்: அதில் இருப்பது எட்டியோபிளாஸ்ட், வெளிச்சம் பட்டால் குளோரோபிளாஸ்ட் ஆகும்.

அடுத்தது, நிறத்தைக் கண்டதும் குரோமோபிளாஸ்ட் என்று எழுதுவது. குரோமோபிளாஸ்ட் தருவது மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. நம் தேசிய மலரான வண்டா மிஸ் ஜோக்கிமின் ஊதா, வாக்குவோலில் (செல்லுக்குள் சாறு நிறைந்த பையில்) கரைந்திருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி தருவது. பீட்ரூட் சிவப்பும் வாக்குவோலில்தான், நிறமி மட்டும் வேறு, பீட்டாலைன்.

லூக்கோபிளாஸ்ட் என்றால் சும்மா கிடக்கும் கிடங்கு என்று ஒதுக்குவதும் சரியில்லை. மாவு, எண்ணெய், புரதம் சேமிப்பது உண்மைதான், ஆனால் வேர்நுனி உறையில் இருக்கும், லூக்கோபிளாஸ்ட்டின் ஒரு வகையான அமைலோபிளாஸ்ட்டுகள் கனத்தால் செல்லின் அடியில் போய்ப் படிவதை வைத்துத்தான் வேர் கீழ்ப்பக்கம் எது என்று அறிகிறது!

வெங்காயத் தோலை மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் படம் வரையும்போது, தாவரம்தானே என்று குளோரோபிளாஸ்ட்டையும் சேர்த்து வரைந்துவிடாதீர்கள், அங்கே அது இல்லை. இலையில்கூட மேல்தோல் செல்களில் பொதுவாக இலைத்துளைகளைச் சூழ்ந்த காப்புச் செல்களில்தான் அது நன்றாகத் தெரியும். குளோரோபிளாஸ்ட் இருந்தால் மைட்டோகாண்ட்ரியா வேண்டாம் என்பதும் தப்பு. ஒன்று சர்க்கரையைத் தயாரிக்கிறது, மற்றது அதிலிருந்து சக்தியை எடுக்கிறது, இந்தச் சுவாசம் பகலிலும் நிற்பதில்லை.