மணிக்கணக்குல காசு வாங்குற கஃபேல உக்காந்து வேலை பாக்குறது எப்படி? நெல்லைக்காரங்களுக்காக

வொர்க் ஃப்ரம் ஹோம்னு சொன்னா நம்மூர்ல அத யாரும் வேலையாவே எடுத்துக்க மாட்டாவ. "வீட்லதான இருக்க, சிலிண்டர் வந்தா வாங்கி வையி"ம்பாவ, மீட்டிங் நடக்கும்போதுதான் மிக்சி ஓடும், ஊர்ல இருந்து வந்த சித்தப்பா பக்கத்துலயே உக்காந்து கதை கேப்பாவ, அதுலயும் கல்யாணம் ஆன பொம்பளப் பிள்ளைகன்னா வேலைக்கு நடுவுல நாலு தடவ அடுப்படிக்கு எந்திரிக்கணும். இந்த மாதிரி வீட்ல இருந்து தப்பிச்சு லேப்டாப்ப தூக்கிட்டு வெளிய போய் உக்காரணும்னு நெனைக்கிறவங்களுக்குத்தான் இத எழுதுதேன். எத்தன காபி குடிச்சீங்கன்னு பாக்காம எத்தன நேரம் உக்காந்தீங்கன்னு பாத்து காசு வாங்குற எடங்கள எப்படி யூஸ் பண்றதுன்னு.

இந்த முறைய உலகத்துல பிரபலமாக்குனது சிஃபர்பிளாட்ங்கிற கஃபே. இவான் மீத்தின்னு ஒருத்தர் 2011ல மாஸ்கோல தொறந்தாரு. 2014ல லண்டனுக்கு வந்தப்ப நிமிசத்துக்கு 3 பென்ஸ் வாங்குனாங்க, உள்ள போனதும் ஒரு பழைய அலாரம் கடிகாரத்த எடுத்துட்டுப் போய் மேசைல வச்சுக்கணும், காபி, பிஸ்கட், வைஃபை எல்லாம் அந்தக் காசுலயே சேத்தி. பாரிஸ்லயும் 2013ல ஆன்டிகஃபேன்னு ஒண்ணு வந்துச்சு. கேக்க புதுசா தெரியும், ஆனா பிரவுசிங் சென்டர்ல அரை மணிக்கு இவ்வளவுன்னு குடுத்து எஞ்சினியரிங் கவுன்சலிங் ரிசல்ட் பாத்த நமக்கு இது பழகுன கணக்குதான்.

எனக்கு இந்த முறைல ரொம்பப் பிடிச்சது என்னன்னா மனசுல உறுத்தல் இல்ல. சாதாரண ஓட்டல்ல ஒரு காபிய வாங்கி வச்சுட்டு மூணு மணி நேரம் உக்காந்தா, மத்தியானச் சாப்பாட்டுக்கு வர்ற குடும்பம் நின்னுக்கிட்டு இருக்கும், சப்ளையர் நம்ம மேசையவே சுத்தி சுத்தி வருவாரு, அவரு ஒண்ணும் சொல்லலன்னாலும் நமக்கு வேலை ஓடாது. இங்க எடத்துக்கே காசு குடுத்துட்டோம்.

நம்ம பக்கம் போர்டுல அப்படியே எழுதியிருக்கும்னு தேடாதீங்க. கோவொர்க்கிங்னு, அதாவது பல கம்பெனி ஆளுக ஒரே எடத்துல வாடகைக்கு உக்காந்து வேலை பாக்குற எடம்னு, போட்டு மணிக்கணக்கு, நாள் பாஸ், மாச பாஸ்னு வச்சிருப்பாங்க, வண்ணார்பேட்டை, பெருமாள்புரம், பாளை பக்கம் மேப்புல தேடிட்டு போன் போட்டு கேட்டுட்டு போங்க. டிஎன்பிஎஸ்சி படிக்கிற பிள்ளைகளுக்கான ரீடிங் ரூம் விலை கம்மியா இருக்கும், ஆனா அங்க போன் பேச முடியாது, அவங்க படிப்ப கெடுக்கவும் கூடாது. கோடிங், டைப்பிங், டிசைன் மாதிரி வாய தொறக்காம பாக்குற வேலைன்னா மட்டும் போங்க.

சரி, உள்ள போன ஒடனே கவுண்டர்ல ஒரு கேள்வி கேட்டுருங்க, வெக்கமே படாதீங்க. "அண்ணாச்சி, ஒரு மணி பத்து நிமிசம் ஆச்சுன்னா எவ்வளவு?" இதுக்கு வர்ற பதில்லயே பாதி விசயம் தெரிஞ்சுரும். சில எடத்துல நிமிசக்கணக்கு, சில எடத்துல அரை மணி அரை மணியா ஏறும், சில எடத்துல ஒரு நிமிசம் தாண்டுனாலும் அடுத்த முழு மணிக்கும் காசு. மணிக்கு 60 ரூவா, நாள் பாஸ் 300 ரூவான்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். நிமிசக்கணக்குன்னா அஞ்சு மணி நேரம் தாண்டுனாத்தான் பாஸ் லாபம். முழு மணிக் கணக்குன்னா நாலு மணி பத்து நிமிசத்துக்கே 300 ஆயிரும், அப்ப நாலு மணி நேரத்துக்கு மேல இருப்பீங்கன்னு லேசா சந்தேகம் இருந்தாலே பாஸ் எடுத்துறது நல்லது. பாதில பாஸா மாத்திக்கலாமான்னும் கேளுங்க, நெறைய பேரு ஒத்துக்குவாங்க, ஆனா முன்னாலயே கேட்டாத்தான், பில் போடும்போது கேட்டா சங்கடம்.

அடுத்து மத்தியானம். சாப்ட வெளிய போனா கணக்கு நிக்குமா ஓடுமா? ஓடும்னா டிபன் பாக்ஸ் கொண்டு போயிருங்க, உள்ள சாப்ட விடுவாங்களான்னு கேட்டுட்டு. புளியோதரை, எலுமிச்சஞ்சோறு மாதிரி எடுத்துட்டுப் போங்க, மூடுன ஏசி ரூம்ல மீன் கொழம்ப தொறந்தா பக்கத்துல இருக்கவங்களுக்கு கஷ்டம். சாப்பாட்டுக்கு பில்ல முடிச்சுட்டு திரும்ப வரலாம்னு நெனச்சீங்கன்னா மினிமம் சார்ஜ் மறுபடி விழுமான்னு பாத்துக்கோங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியமா நெனைக்கிற விசயத்துக்கு வாரேன். காசு ஓடுற எடத்துக்கு என்ன வேலைன்னு முடிவு பண்ணாம போகாதீங்க. மெயில் படிக்கிறது, என்ன செய்யணும்னு யோசிக்கிறது, பெரிய ஃபைல் டவுன்லோடு, விண்டோஸ் அப்டேட்டு எல்லாத்தையும் முந்துன ராத்திரி வீட்லயே முடிச்சுருங்க, வீட்டு நெட்டு ஸ்லோன்னாலும் நாம தூங்கும்போது அது பாட்டுக்கு எறங்கட்டும். கிளையண்ட் கால், யாரும் கூப்பிடாம ரெண்டு மணி நேரம் மண்டைய குடுத்து பாக்க வேண்டிய வேலை, இது ரெண்டையும் அங்க வச்சுக்கோங்க. ஒரு சின்ன பேப்பர்ல மூணே மூணு வேலை எழுதி கீபோர்டு பக்கத்துல வச்சுக்கோங்க, மூணும் முடிஞ்சா மூடிட்டு கெளம்பிருங்க. கூதலடிக்கிற ஏசில சும்மா உக்காந்து ரீல்ஸ் பாத்தாலும் மீட்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கும்.

கரண்டு. மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு நிறுத்துனா மத்தியானமோ சாயங்காலமோதான் வரும், அது நமக்கு தெரிஞ்சதுதான், பேப்பர்லயும் முன்னாலயே போட்டுருவாங்க. ஆனா பலபேரு கவனிக்காத ஒண்ணு, அன்னைக்கு வீட்டுக்குப் பக்கத்துலயே கஃபே தேடி போறது. ஒரே துணைமின் நிலையம்னா அங்கயும்தான் கரண்டு இருக்காது. அறிவிப்புல ஊர் பேரு, தெரு பேரு எல்லாம் வரிசையா இருக்கும், அந்த லிஸ்ட்ல இல்லாத பக்கமா போங்க, பெருமாள்புரம் லிஸ்ட்ல இருந்தா ஜங்ஷன் பக்கம் பாருங்க. கடைக்காரர்ட்ட "பவர் பேக்கப் இருக்கா"ன்னு மட்டும் கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. "கரண்டு போனா ரவுட்டர் ஓடுமா, நம்ம பிளக் பாயிண்ட்ல வருமா, எத்தன மணி நேரம் தாங்கும்"னு பிரிச்சு கேளுங்க, ஏன்னா இன்வெர்ட்டர்ல ஃபேனும் லைட்டும் மட்டும் ஓடுற எடம் நெறைய. லேப்டாப் டைப் சி சார்ஜர்ல ஏறும்னா அதுக்குத் தகுந்த 65 வாட் பவர் பேங்க் ஒண்ணு பைல கெடக்கட்டும். நீள வயர் எக்ஸ்டென்சனும் வேணும், பிளக் பாயிண்ட் எப்பவும் நாம உக்காராத மூலைலதான் இருக்கும்.

நெட்டுக்கு, உக்காந்து செட்டில் ஆகுறதுக்கு முன்னாலயே ஸ்பீடு டெஸ்ட் போடுங்க, அதுலயும் அப்லோடு பாருங்க. டவுன்லோடு 50 காட்டும் அப்லோடு 1 காட்டும், அப்ப நீங்க பேசுறது எதுத்தாப்ல இருக்கவங்களுக்கு வெட்டி வெட்டித்தான் கேக்கும். ஆபத்துக்கு போன் ஹாட்ஸ்பாட் இருக்கேன்னு முழுசா நம்பிறாதீங்க, நாலஞ்சு பேரு கேமரா போட்ட ஜூம் கால் மணிக்கு கிட்டத்தட்ட 1 ஜிபி தின்னுரும், தெளிவு கூடுனா அதுக்கும் மேல, ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக்ல எவ்வளவு தாங்கும்னு பாத்துக்கோங்க. கேமராவ ஆஃப் பண்ணிட்டா டேட்டா செலவு ரொம்ப கொறஞ்சுரும். பேங்க் வேலை, கம்பெனி சர்வர் வேலைன்னா கடை வைஃபைல விபிஎன் (நாம அனுப்புறத அடுத்தவங்க படிக்க முடியாம பூட்டி அனுப்புற ஆப்) இல்லாம போகாதீங்க, பாத்ரூம் போக எந்திரிச்சாலும் விண்டோஸ் பட்டனும் எல் பட்டனும் சேத்து அமுக்கி லாக் பண்ணிட்டு போங்க, ஓடிபிய வாய்விட்டு சொல்லாதீங்க.

அமெரிக்கா கிளையண்ட் வச்சிருக்கவங்க கவனிங்க. நியூயார்க்ல காலைல 10 மணின்னா நமக்கு ராத்திரி 7.30. நவம்பர் மொத ஞாயித்துக்கெழம அவங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளிருவாங்க, அப்பறம் அதே கால் நமக்கு 8.30க்கு வரும், மார்ச் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் அப்படித்தான். ராத்திரி 9 மணிக்கு மூடுற எடத்துல ஆறு மாசமா நல்லா ஓடிக்கிட்டு இருந்த கால் நவம்பர்ல பாதில ஷட்டர் எறக்குற சத்தத்தோட முடியும். அதனால சீசன் மாறும்போது மூடுற நேரத்த ஒரு தடவ கேட்டுக்கோங்க, அம்பாசமுத்திரம், நாங்குநேரி பக்கம் இருந்து வர்றவங்க திரும்பிப் போற பஸ் நேரத்தையும் சேத்து பாருங்க. பொம்பளப் பிள்ளைக ராத்திரி கால் எடுக்குறதா இருந்தா மொத தடவ பகல்லயே போய் எடம், பாத்ரூம், கேமரா, வாசல்ல வெளிச்சம், ராத்திரி ஸ்டாஃப் யாரு இருப்பாங்க எல்லாத்தையும் பாத்துட்டு வந்துருங்க. இதெல்லாம் கேட்டா மொகம் சுளிக்கிற எடம்னா அந்த எடமே வேண்டாம்.

ஆனித் தேரோட்டம் அன்னைக்கு நம்ம மாவட்டத்துக்கு லீவு, கிளையண்டுக்கு லீவு இல்ல. டவுன் ரதவீதிப் பக்கம் வண்டியே நுழையாது, அன்னைக்கு பாளைல எடம் புக் பண்ணிக்கோங்க. தீபாவளிக்கு முந்துன வாரமும் அப்படித்தான்.

ஒரு எடம் ஒத்துவந்துச்சுன்னா மொத மாசம் மணிக்கணக்குலயே போங்க, பில்ல எல்லாம் போன்ல போட்டோ எடுத்து வச்சுட்டு மாசக் கடைசில கூட்டிப் பாருங்க. மாச பாஸ் விலைய நெருங்குதுன்னா அத காட்டியே பேசலாம், "மேடம், போன மாசம் நான் குடுத்தது இவ்வளவு, பாஸ் போட்டா காலைல மட்டும் வர்றவங்களுக்கு தனி ரேட் உண்டா"ன்னு கேளுங்க. கம்பெனி செலவத் திருப்பித் தரும்னா கம்பெனி பேரும் ஜிஎஸ்டி நம்பரும் பில்ல அடிக்கும்போதே சொல்லிருங்க, அடிச்சு முடிச்ச பில்ல மாத்திக் குடுங்கன்னா கடைக்காரருக்கும் அலைச்சல், நமக்கும் அலைச்சல்.